படைப்பெழுத்தில் பட்டம்: பயில்வதா? எங்கே பயில்வது?

எழுத்தாளன் பிறக்கின்றானா, உருவாக்கப்படுகின்றானா என்பது இலக்கிய மேடைகளில் பலமுறை எழுப்பப்பட்டுத் தேய்ந்துபோன வினா. ஆயினும் அண்மைக் காலத்தில் அது புதிய உருவில் நம் முன் வந்து நிற்கின்றது. நான்கைந்து சிறுகதைகள் எழுதி, ஒன்றிரண்டு போட்டிகளில் பரிசும் பெற்ற நம் இளைஞர் சிலர், "படைப்பெழுத்தில் முதுகலைப் பட்டம் பெறலாமா? பெறுவதாயின் எந்த நாட்டில் பெறலாம்?" என்று தம் ஆசிரியர்களை அணுகிக் கேட்கத் தொடங்கியுள்ளனர்.

இக்கேள்வியைக் கேட்டதும் நகைப்போர் உளர். "கம்பன் எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றான்?" என்பது அவர்களின் விடை. வெளிநாட்டுப் பட்டம் என்றதும் வியந்து நிற்போரும் உளர். "போய் வா, எழுத்தாளனாகத் திரும்பி வா" என்பது அவர்களின் வாழ்த்து. இவ்விரு சாராரும் வினாவை ஆராயவில்லை என்பது வெளிப்படை. ஓர் இளைஞரின் ஈராண்டு வாழ்வும், ஒரு குடும்பத்தின் சேமிப்பும், அவர் எழுதப்போகும் மொழியும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே, இப்பட்டம் எங்கே தோன்றியது, எதைத் தருகின்றது, எதைத் தர இயலாது என்பனவற்றை முறைப்படி நோக்குதல் ஆசிரியராகிய நமக்குக் கடமையாகும்.

பட்டத்தின் தோற்றம்

படைப்பையே உயர்பட்டத்திற்குரிய ஆய்வேடாக ஏற்கலாம் என்று அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம் 1922ஆம் ஆண்டில் அறிவித்தது. அதுகாறும் இலக்கியம் பயின்றோர் பிறர் எழுதியதைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதினர்; தாம் எழுதிய கவிதையையோ கதையையோ கொடுத்துப் பட்டம் பெறுதல் புதுமையாக இருந்தது. 1936இல் அங்கே எழுத்தாளர் பட்டறை முறையாக நிறுவப்பெற்றது. பின்னர் பால் எங்கிள் என்னும் கவிஞர் 1941 முதல் 1965 வரை அதன் தலைவராக இருந்து அதனை வளர்த்தார். இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் 1970இல் இத்தகைய முதுகலைப் படிப்பைத் தொடங்கினர். முதலாண்டில் அதில் பயின்றவர் இயன் மக்யூவன். 1980இல் அங்கே பட்டம் பெற்ற கசுவோ இஷிகுரோ 2017இல் நோபல் பரிசு பெற்றார்.

பட்டறையின் செயல்முறை எளிது. மாணவர் ஒருவர் தம் கதையைப் படியெடுத்து முன்னரே அனைவருக்கும் வழங்கிவிடுவார். குறித்த நாளில் பத்துப் பன்னிருவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அக்கதையை ஆராய்வர். எழுதியவர் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். "இப்பாத்திரம் ஏன் இவ்வாறு செய்தது? மூன்றாம் பக்கம் தேவைதானா?" என்று மற்றவர்கள் வினவுவர்; ஆசிரியர் முடித்துவைப்பார். அமெரிக்காவில் இரண்டு மூன்று ஆண்டுகளும், இங்கிலாந்தில் பெரும்பாலும் ஓராண்டும் இது நடைபெறும்.

ஈண்டு ஓர் உண்மையைக் குறிப்பிடல் வேண்டும். எழுத்தைக் கற்பிக்க இயலாது என்று பலரும் சொல்வதை அயோவாப் பட்டறையே ஓரளவு ஒப்புக்கொள்கின்றது. இருக்கின்ற ஆற்றலை வளர்க்கலாம் என்பது மட்டுமே அதன் கொள்கை. நிறுவனமே உரிமை கோராத ஒன்றை அதன் பட்டத்திடம் நம் இளைஞர் எதிர்பார்த்தல் பொருந்துமா?

பட்டம் தருவன

அவ்வாறாயின், இப்பட்டத்தால் பயனே இல்லையோ எனின், உண்டு. மூன்று பயன்களைக் கூறலாம். முதலாவது, காலம். வயிற்றுப்பாட்டுக்காக ஓடும் மனிதனுக்கு எழுதுவதையே தொழிலாகக் கொள்ளும் ஈராண்டுகள் எளிதில் வாய்ப்பதில்லை. இரண்டாவது, கெடு. அடுத்த மாதம் பத்தாம் நாள் கதையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்னும் நிலை வரும்போது, 'மனம் ஒன்றவில்லை' என்னும் சாக்கு எடுபடாது. மூன்றாவது, வாசகர். உறவினர் அல்லாத, முகமன் கூறும் கட்டாயம் இல்லாத பத்துப்பேர் ஒரு கதையை வரிவரியாகப் படித்துப் பேசுதல் எழுதுவோனுக்குக் கிடைத்தற்கரிய பேறு.

இம்மூன்றும் பட்டத்தாளில் இல்லை, படிக்கும் சூழலில் உள்ளன என்பதை மறத்தலாகாது. அமெரிக்கச் சிறுகதையாசிரியர் ரேமண்ட் கார்வர் 1963இல் அயோவாவில் சேர்ந்தார். குடும்பச் சுமையும் பணமுடையும் நெருக்க, பட்டம் பெறாமலேயே வெளியேறினார். அதே பட்டறைக்கு 1973இல் ஆசிரியராகத் திரும்பி வந்தார். அவரை அங்கே மீண்டும் அழைத்தவை அவர் எழுதிய கதைகள்.

பட்டத்தாளுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அஃது இடத்தைப் பொறுத்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் படைப்பெழுத்தைப் பாடமாகக் கற்பிக்க விரும்புவோர்க்கு அது தொழிற்றகுதி. நம் நாட்டில் தமிழ்ப்பள்ளியிலோ தமிழ்த்துறையிலோ பணியாற்ற விரும்புவோர்க்கு வேண்டுவன ஆசிரியப் பயிற்சியும் தமிழியற் பட்டமும் ஆகும். இவ்வேறுபாட்டை அறியாது, 'முதுகலை' என்னும் சொல்லை மட்டும் நம்பிக் கடன்படுதல் அறிவுடைமை ஆகாது.

மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் யார்?

இனி, நம்மவர் பலரும் கேளாமல் விடுகின்ற கேள்விக்கு வருவோம். பட்டறையின் உயிர் அதன் வாசகரே என்றோம். அவ்வாசகர் எம்மொழியில் படிப்பர்? எவ்வாழ்வை அறிந்தவர்?

அமெரிக்காவிலேயே இக்கேள்வி எழுந்துள்ளது. போருக்குப் பிந்திய அமெரிக்கப் புனைகதையின் போக்கையே இப்பட்டறைகள் வடிவமைத்துள்ளன என்று மார்க் மக்கர்ல் என்னும் ஆய்வாளர் 2009இல் ஒரு நூலில் விரிவாக நிறுவினார். டொமினிக்கன் குடியரசில் பிறந்த எழுத்தாளர் ஜூனோ டியாஸ், தாம் பயின்ற பட்டறையில் வெள்ளையரின் பார்வையே பொதுப்பார்வையாகக் கொள்ளப்பட்டது என்று 2014இல் குறைகூறி எழுதினார். கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மாத்யூ சாலஸஸ், எழுத்து நுட்பம் என்று நாம் கூறுவது ஒரு குறிப்பிட்ட வாசகக் கூட்டத்தின் எதிர்பார்ப்புகளே என்னும் கருத்தை 2021இல் ஒரு நூலாகவே எழுதினார். ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கே இந்நிலை என்றால், தமிழில் சிந்தித்துத் தமிழில் எழுதுவோர் நிலை என்னாகும்?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து காண்போம். மலேசியத் தோட்டப்புறத்தைக் களமாகக் கொண்ட கதை ஒன்று. பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் முப்பதாண்டுகளாகத் தோட்டத்துக் கிராணியை 'ஐயா' என்றும் 'நீங்க' என்றும் அழைத்து வந்தவர். தோட்டம் விற்கப்படுகின்றது. காலச்சுழற்சியில் இருவரும் நகர்ப்புற அடுக்குமாடியில் அண்டை வீட்டாராகின்றனர். மின்தூக்கி பழுதுபட்ட ஒரு நாளில், அரிசி மூட்டையோடு படியேற முடியாமல் மூச்சுவாங்கி நிற்கும் முதிய கிராணியைப் பார்த்துத் தொழிலாளி, "நீ உட்காரு, நான் தூக்கியாறேன்" என்கின்றார். கதையின் உச்சம் அந்த 'நீ' என்னும் ஓரெழுத்தில் இருக்கின்றது. அதில் உரிமை இருக்கின்றது, பரிவும் இருக்கின்றது, முப்பதாண்டு அடக்கத்தின் முடிவும் இருக்கின்றது. நம் வகுப்பில் உள்ள பதினைந்து வயது மாணவியும் அதனை உடனே உணர்ந்துகொள்வாள்.

இக்கதையை ஆங்கிலப் பட்டறைக்குக் கொண்டு செல்வோம். 'நீ', 'நீங்கள்' ஆகிய இரண்டிற்கும் அங்கே ஒரே சொல்தான். எனவே எழுதுவோர், 'அன்றுதான் அவர் மரியாதையின்றி அழைத்தார்' என்று ஒரு வாக்கியத்தைச் சேர்க்க நேரிடும். குறிப்பாக நின்றது அறிவிப்பாகிவிடும். 'பெரட்டுக்களம் என்றால் என்ன? மங்கு என்றால் என்ன?' என்று மேசையைச் சுற்றியுள்ளோர் கேட்பர். அக்கேள்விகளில் தீய நோக்கம் ஏதுமில்லை. ஆயினும், ஒவ்வொரு கேள்விக்கும் விடைசொல்லி விடைசொல்லிக் கதை, சுற்றுலா வழிகாட்டி நூலாக மாறிவிடும் இடருண்டு. ஈராண்டுகள் இவ்வாறு பழகிய கை, தமிழுக்குத் திரும்பும்போதும் அயலாருக்கு விளக்கும் கையாகவே இருக்கும். தாய்மொழியில் எழுதியும் தம்மவரோடு பேசாத எழுத்து உருவாவது இவ்வாறுதான்.

இஃது ஆங்கிலத்தின் குற்றமன்று. ஆங்கிலத்தில் எழுத விரும்பும் தமிழ் இளைஞர்க்கு அப்பட்டறை தக்க இடமாகலாம். அவர் அவ்வழி செல்லத் தடையில்லை. ஆனால், தமிழில் எழுதவேண்டும் என்னும் வேட்கையோடு, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பிற்குச் செல்வோர், தாம் எதைப் பெறப் போகின்றோம் என்பதோடு எதை இழக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் மரபில் எழுத்துப் பயிற்சி

எழுத்தைக் கற்பித்தல் மேலைநாட்டார் கண்ட புதுமை என்று எண்ணுதல் தவறு. தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பனம்பாரனார் பாயிரம் கூறுகின்றது. நூலை அவையில் வைத்து, தடைகளுக்கு விடைகூறி நிலைநாட்டிய அம்முறையில் பட்டறையின் கூறு உண்டு. பவணந்தியாரின் நன்னூல் பாயிரமோ ஆசிரியர் இலக்கணம், மாணவர் இலக்கணம் ஆகியவற்றோடு நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துரைக்கின்றது. மிகைபடக் கூறல், வெற்றெனத் தொடுத்தல் போன்ற குற்றங்கள் இன்றைய சிறுகதையாளர்க்கும் பொருந்துவனவே.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை புராணங்களை வாய்மொழியாகப் பாடிச் செல்ல, மாணவர் ஏட்டில் எழுதுவர். 1871இல் அவரிடம் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், 1876இல் ஆசிரியர் மறையும் வரை உடனிருந்து பயின்றார். ஈண்டுச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு மாபெரும் கவிஞரின் பட்டறையில் வளர்ந்த அம்மாணவர், கவிஞராகப் புகழ் பெறவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிப் பதிப்பாசிரியராகவே புகழ் பெற்றார். எழுத்துப் பயிற்சியின் உறுதியான பயன், எழுத்தாளனை உருவாக்குவதைவிட நுண்ணிய வாசகனை உருவாக்குவதே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம் மண்ணிலும் சான்றுண்டு. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். சிறுகதை எழுதும் முறையை நாளேட்டின் வழியே பாடமாகக் கற்பித்த அம்முயற்சி, மலாயாத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் தனியிடம் பெற்றுள்ளது. பின்னர், அதே நாளிதழில் ஆசிரியப் பொறுப்பேற்று வந்த கு. அழகிரிசாமி, இளம் எழுத்தாளர்களைத் திரட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். இவற்றில் பட்டமளிப்பு விழா இல்லை. கட்டணமும் கடனும் இல்லை. தமிழறிந்த வாசகர் இருந்தனர். தமிழ் நேசன் 2019இல் நின்றுபோயிற்று. அவ்வகுப்பு நிரப்பிய இடம் இன்னும் முழுமையாக நிரப்பப்படவில்லை.

போட்டிகள் இருக்கின்றனவே என்று சிலர் கூறலாம். மலாயாப் பல்கலைக்கழக மாணவர் நடத்திய சிறுகதைப் போட்டிகள் 'பேரவைக் கதைகள்' தொகுதிகளைத் தந்தன. சிங்கப்பூரில் 1993 முதல் வழங்கப்பெற்றுவரும் தங்கமுனை விருது தமிழுக்கும் இடமளித்துள்ளது. இவை போற்றத்தக்கவை. எனினும் பரிசு, கதை நன்று என்று கூறுமேயன்றி, ஏழாம் பத்தி ஏன் தளர்ந்தது என்று கூறாது. பரிசு பெறாத கதைக்கோ அதுவும் இல்லை.

எங்கே பயில்வது?

என் பழைய மாணவர் ஒருவர், இன்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர், இவ்வாண்டுத் தொடக்கத்தில் என்னிடம் வந்தார். ஆறு சிறுகதைகள் எழுதியவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டுப் படைப்பெழுத்து முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. தந்தையார் ஓய்வு பெற்றவர். தங்கை இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். "ஐயா, போகட்டுமா?" என்றார். நான் உடனே விடை கூறவில்லை. நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்து, விடையெழுதி வருமாறு பணித்தேன். அக்கேள்விகளையே இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்க்கும் முன்வைக்கின்றேன்.

முதலாவது, இப்படிப்பிற்கு யார் பணம் கொடுப்பது? அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை நீக்கி, கற்பிக்கும் பணியோ உதவித்தொகையோ தந்து மாணவரைத் தாங்குகின்றன. அத்தகைய இடம் கிடைப்பின், காலம் என்னும் முதற்பயன் உண்மையாகவே கைகூடும். கடன்பட்டுப் படிப்போர்க்கு அக்காலம் பின்னர் பத்தாண்டு உழைப்பாகத் திரும்பிவரும். எழுதுவதற்கென்று வாங்கிய நேரத்தை எழுத முடியாத நேரத்தால் ஈடுசெய்ய நேரிடும்.

இரண்டாவது, அத்துறை நிலையானதா? குறைந்த நாள் வளாகத்தில் தங்கி, எஞ்சிய காலம் வீட்டிலிருந்தே படைப்பெழுத்துப் பட்டம் பயிலும் முறையை 1976இல் தொடங்கிவைத்த அமெரிக்காவின் காடர்ட் கல்லூரி 2024இல் மூடப்பட்டது. ஆசிய எழுத்தாளர்க்கென ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய படிப்பை நிறுத்துவதென 2015இல் முடிவு செய்தனர். மாணவர் எதிர்ப்பும் பயன்தரவில்லை.

மூன்றாவது, அங்கே கற்பிக்கும் ஆசிரியரின் நூல் எதையேனும் படித்திருக்கின்றீரா? பல்கலைக்கழகத்தின் பெயரை அறிந்து, ஆசிரியரின் எழுத்தை அறியாமல் செல்வது, மருத்துவமனையின் கட்டடத்தைப் பார்த்து மருத்துவரைத் தேர்வது போன்றது.

நான்காவது, நீர் அங்கிருக்கும்போது உம் தமிழைப் படிக்கப் போகின்றவர் யார்? வெளிநாடு செல்வதே தமிழுக்குக் கேடு என்பது என் கருத்தன்று. அசோகமித்திரன் 1973இல் அயோவாவின் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்திற்குச் சென்றார். பால் எங்கிளும் ஹுவாலிங் நியேவும் 1967இல் தொடங்கிய அத்திட்டம் பட்டப்படிப்பன்று. முன்னரே எழுதித் தேர்ந்தோர் தத்தம் மொழியிலேயே எழுதிக்கொண்டு தங்கியிருக்கும் வாய்ப்பு. 'கரைந்த நிழல்கள்' நாவலை அதற்கு முன்பே எழுதிவிட்டவர் அவர். அவ்வனுபவத்திலிருந்து 'ஒற்றன்!' என்னும் தமிழ் நாவல் பிறந்தது. தமிழ்க்கை உறுதிப்பட்டபின் சென்றவருக்கு அயல்நிலம் கதைப்பொருளாயிற்று. அவர் நடையை அது மாற்றவில்லை. முதலில் கை உறுதிப்படட்டும், பின்னர் பயணம் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

என் மாணவர் மூன்று வாரம் கழித்து வந்தார். முதற்கேள்விக்கும் நான்காம் கேள்விக்கும் அவரிடம் விடையில்லை. அவ்விடத்தை ஏற்க வேண்டாம் என்றே நான் கூறினேன். ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. அதனை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் 'வேண்டாம்' என்று கூறியதோடு ஆசிரியன் கடமை முடிந்துவிடாது. எழுத விரும்பும் ஒருவரை ஓரிடத்திற்குப் போகாதே என்று தடுப்பவர், இங்கே அவர் எழுத்தைப் படிக்க ஆளுண்டு என்று காட்டியாக வேண்டும். அவ்வாறு காட்ட இயலாதவர்க்குத் தடுக்கும் உரிமையும் இல்லை.

நம் கடமை

எனவே, இக்கட்டுரையின் முடிபுகள் இரு பக்கமும் நோக்கியவை. மாணவர்க்குக் கூறுவது: உதவித்தொகையும், நீங்கள் மதிக்கும் எழுத்தாசிரியரும், விடாது தமிழில் எழுதும் பழக்கமும், உங்கள் தமிழைப் படித்துக் கருத்துரைக்கும் இருவரேனும் இருப்பின், தயங்காமல் செல்லுங்கள். இவற்றுள் பாதியும் இல்லையேல், தமிழிலக்கியத்தை ஆழ்ந்து பயிலும் முதுகலையை இங்கேயே மேற்கொண்டு, நண்பர் ஐவர் கூடிய வட்டத்தில் மாதம் ஒரு கதை எழுதிப் படியுங்கள். மூவாண்டுகளில் முப்பத்தாறு கதைகள் சேரும். அவற்றுள் நான்கு நிற்கும். அந்நான்கும் எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவையும் தட்டும் தகுதியை உங்களுக்குத் தரும்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினர்க்குக் கூறுவது: நம் உயர்கல்வி ஆராய்ச்சியையே முதன்மையாகக் கொண்டு வளர்ந்துள்ளது. ஒரு சிறுகதைத் தொகுதியையும், அதனை எழுதியவர் தம் முன்னோரின் எழுத்தோடு ஒப்பிட்டு எழுதும் திறனாய்வுரையையும் ஒருசேர ஆய்வேடாக ஏற்கும் வழியைத் திறத்தல் அரிதன்று. அயோவா 1922இல் செய்ததை, நூறாண்டு கழிந்த பின்னரேனும் நாம் செய்யலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்குக் கூறுவது இன்னும் எளிது. மாணவர் கட்டுரையில் ஒற்றுப்பிழையையும் எழுத்துப்பிழையையும் சிவப்பு மையால் வட்டமிடுகின்றோம், அது வேண்டுவதே. அதன்கீழ், 'உன் பாட்டி கோபித்துக்கொண்ட இடம் உயிரோடு இருக்கின்றது. ஆனால் அவர் ஏன் கோபித்தார் என்பது எனக்கு விளங்கவில்லை' என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? அந்த ஒரு வரியைப் பெற்ற மாணவன், தன் எழுத்தை ஒருவர் படித்தார் என்பதை அறிகின்றான். மாதம் ஒருமுறை, தேர்வுக்குரியதல்லாத ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, மாணவர் எழுதியதை மாணவரே படித்துப் பேசச் செய்யும் பொறுப்பை ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரேனும் ஏற்றல் வேண்டும். எங்கள் பள்ளியில் அவ்வகுப்பு இவ்வாண்டு ஏப்பிரலில் தொடங்கியது. வெளிநாடு செல்லாது நின்ற அந்த இளம் ஆசிரியரே இப்போது மாதந்தோறும் வந்து அதனை நடத்துகின்றார்.